ஆடிச்சுற்றுக்கு முன்னும் பின்னும்

 

இளையரசனேந்தல் அன்பர்களுக்குச் சங்கரன்கோயில் ஆடித்தபசைப் பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை. கொடியேறிய நாள் தொட்டு, 101, 501, 1001 என்று கணக்கு வைத்துக் கோயிலைச் சுற்றுகிறோம். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் கோமதி அம்மையின் கால்நோவை நாமும் பங்கிட்டுக் கொள்கிறோம் என்பது அடியார்களின் நம்பிக்கை. அதில் அடியேன் செய்த பிழையொன்றைச் சொல்லுகிறேன்.

ஆண்டு முழுதும் உட்கார்ந்து கணக்கெழுதியவன் நான். நாற்பத்தைந்தாம் வயதில், 101 சுற்றையும் ஒரே நாளில் முடிப்பதென்று துணிந்து நடந்தேன். முடித்தும் விட்டேன். மறுநாள் முழங்கால் வீங்கிற்று. உத்திராடத்தன்று அரியும் அரனும் ஓருருவாய் அம்மைக்குக் காட்சி தரும் வேளையில், நான் வீட்டுத் திண்ணையில் கிடந்தேன். எந்தக் காட்சிக்காக நடந்தேனோ, அதுவே எனக்குக் கிட்டவில்லை.

திண்ணையில் கிடந்தபோது அப்பர் பெருமானை எண்ணினேன். உழவாரப்படை ஏந்திக் குனிந்து புல் செதுக்கினார். ஊர் ஊராக நடந்தார். நெஞ்சு நிறைய மூச்செடுத்துப் பாடினார். கைக்கும் காலுக்கும் மூச்சுக்கும் வெவ்வேறு தொண்டு! அவர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. அத்தகையவரே கயிலைக்குச் செல்லும் வழியில் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் தேய்ந்தபோது, முனிவராக வந்த இறைவன் மேலே போகவிடாமல் தடுத்து, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியை அருளினான். அவருடைய காதல் எங்கே, என்னுடைய அவசரம் எங்கே! ஆயினும் தடுத்தவன் இறைவன் என்பதை மறத்தல் கூடாது.

திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆசனத்தை வேறாகவும் பிராணாயாமத்தை வேறாகவும் வைத்தே யோகம் உரைத்தார்.

இக்கால மருத்துவமும் இதற்கு அயலன்று. இலண்டன் நகரில் மோரிஸ் என்னும் மருத்துவர் பேருந்து ஊழியரை ஆராய்ந்து, 1953இல் முடிவை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநரைவிட, மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துநருக்கு இதயநோய் குறைவாக இருக்கக் கண்டார். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயது கடந்தவர்கள் தடுமாறி விழாதிருக்க, நிலைகுலையாமல் நிற்கும் பயிற்சியையும் வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

நம் கரிசல் பூமியில் முன்பு இதைத் தனியே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கமலை இறைப்பதும், உரலில் இடிப்பதும், பருத்தி எடுப்பதும் பருவந்தோறும் உடம்பை வெவ்வேறு விதமாக வளைத்தன. அந்த நாள் திரும்ப வேண்டுமென்று நான் கூறவில்லை. இடித்து இடித்துத் தோள் ஓய்ந்த தாய்மார்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்! ஆனால் மோட்டாரும் கிரைண்டரும் எடுத்துக்கொண்ட வேலைக்கு ஈடாக உடம்புக்கு ஏதேனும் கொடுக்க வேண்டாமா?

கால் தேறியபின் நான் செய்தது சிறிதே. நாள்தோறும் அரைமணி நடை. வாரம் இருமுறை கோயில் நந்தவனத்தில் மண்வெட்டியும் தண்ணீர்க் குடமும். காலையில் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்பேன். அம்மையின் தவம் எவ்வளவு அரிதென்பது அப்போதுதான் தெரிந்தது. வலி கண்டால் அன்றைக்கு விட்டுவிடுவேன். நெஞ்சில் வலி கண்டவர் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

அடுத்த ஆடியில் நாளுக்கு 9 சுற்றாக நடந்தேன். 11 நாளில் 99 ஆயிற்று. எஞ்சிய இரண்டையும், காட்சி கண்டு திரும்பும்போது சுற்றி முடித்தேன்.