தரை மெழுகிய கைகள்



தமிழ்நாடு சென்றபோது, குமரி மாவட்டம் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டேன். 1795 வரை திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகர் அது. இன்று அரண்மனை அருங்காட்சியகமாகிவிட்டது. ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரை அங்கே உண்டு. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த தரை இன்றும் பளபளக்கிறது. மன்னர் பெயரை எல்லாரும் சொல்றாங்க. தரை மெழுகியவர் யாரென்று கேட்டேன், யாருக்கும் தெரியலே!

பிள்ளைகளே, இந்த மலாக்கா மண்ணிலே உங்க தாத்தா பால்மரம் வெட்டிய உளியும் மங்கும் வீட்டிலே கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. தாத்தா பாட்டி பெயர், வேலை செய்த தோட்டம், எல்லாவற்றையும் இன்றிரவே கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால், நம் வீட்டில் பதில் இருக்க வேண்டும்.