சலுகைத் தொலைபேசித் திட்டங்களும் அழைப்புக் கட்டுப்பாடுகளும்

(மூத்தோர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



வீட்டுத் தொலைபேசியைக் குறைவாகப் பயன்படுத்துவோருக்கும் குறைந்த வருமானம் உடையோருக்கும் பிரித்தானியாவில் நீண்டகாலமாகச் சலுகைத் திட்டங்கள் உள்ளன. பி.ரி. நிறுவனம் குறைந்த பாவனையாளருக்கென நடத்திவந்த பழைய திட்டத்துக்குப் பதிலாக 2008இல் 'பி.ரி. பேசிக்' வந்தது. 2021 யூனில் 'ஹோம் எசென்ஷல்ஸ்' தொடங்கியது. பெயர்கள் மாறினாலும் ஒன்று மாறவில்லை. சலுகை என்பது இணைப்புக்கும் குறிப்பிட்ட சில அழைப்புகளுக்கும் மட்டுமே உரியது; சுழற்றும் எண்கள் எல்லாவற்றுக்கும் உரியதன்று.

ஹோம் எசென்ஷல்ஸ் தொடங்கியபோது, தொலைபேசி மட்டும் வேண்டுவோருக்கு மாதம் 10 பவுணுக்கு 700 நிமிடங்கள் வழங்கப்பட்டன. கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 நிமிடங்கள். அந்த அளவைக் கடந்தால் தனிக் கட்டணம் உண்டு.

எந்த எண்ணுக்கு என்ன கட்டணம் என்பதை அதன் முதல் இலக்கங்களே காட்டும். 01, 02 எனத் தொடங்குபவை சாதாரண வீட்டு, அலுவலக எண்கள். அரச அலுவலகங்கள் பல பயன்படுத்தும் 03 எண்களுக்கும் அதே கட்டணமே. அவை இலவச நிமிடங்களிலும் அடங்கும். 0800, 0808 எண்களும், 999, 111 ஆகியவையும் முற்றிலும் இலவசம். 084, 087, 09 எண்கள் பொதுவாகச் சலுகைக்கு வெளியே நிற்பவை. இவற்றுக்குத் தொலைபேசி நிறுவனத்தின் கட்டணமும், அந்த எண்ணுக்குரிய சேவைக் கட்டணமும் சேர்ந்து வரும். சேவைக் கட்டணம் மட்டுமே 084 எண்ணுக்கு நிமிடத்துக்கு 7 பென்ஸ் வரையும், 087 எண்ணுக்கு 13 பென்ஸ் வரையும் செல்லலாம்.

தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இடறுவது ஊருக்கு எடுக்கும் அழைப்புகளில்தான். இலங்கைக்கோ இந்தியாவுக்கோ நேரடியாக எடுக்கும் அழைப்பு இலவச நிமிடங்களில் சேராது. தொலைபேசி அட்டை வாங்கியவர், பணம் முன்பே செலுத்தியாயிற்று என்று எண்ணுவார். ஆனால் அட்டையில் உள்ள அணுகல் எண் 0844 எனத் தொடங்கினால், அரைமணி நேரப் பேச்சுக்குச் சேவைக் கட்டணமாகவே 2 பவுண் 10 பென்ஸ் வரை வீட்டுப் பட்டியலில் ஏறலாம். 020 எனத் தொடங்கும் அணுகல் எண் இலவச நிமிடங்களைக் கரைக்கும்; நாள்தோறும் 25 நிமிடம் பேசினால் மாதம் முடியுமுன் 700 தீர்ந்துவிடும். 0800 அணுகல் எண்ணில் வீட்டுப் பட்டியல் ஏறாது. எனினும் அட்டையின் நிமிடங்கள் விரைவாகக் குறைவது வழக்கம்.

பட்டியலைக் கண்டு அஞ்சி, உடன்பிறந்தாரோடு பேசுவதையே நிறுத்திவிடும் முதியோர் உண்டு. அதற்குத் தேவையில்லை. வெளிநாட்டு எண்களுக்கும் 09 எண்களுக்கும் வெளிச்செல்லும் அழைப்பைத் தடுக்கும் வசதியை நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். தடை இருந்தாலும் ஊரிலிருந்து வரும் அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். 999 எண்ணும் இயங்கும். ஊருக்கு எடுக்கும் அழைப்புக்குப் பிள்ளைகளின் கைபேசி இணையத்தைப் பயன்படுத்தலாம்.

யுனிவர்சல் கிரெடிட், பென்சன் கிரெடிட் போன்ற கொடுப்பனவு பெறுவோர் சலுகைத் திட்டத்துக்குத் தகுதி பெறக்கூடும். ஒப்புக்கொள்ளுமுன் மூன்று கேள்விகள் அவசியம்: எத்தனை நிமிடங்கள், எந்த எண்களுக்கு, மேலதிக நிமிடத்துக்கு எவ்வளவு? விடையை எழுத்தில் பெறுவது நன்று.