கணக்கேடு கற்பித்த தலைமை



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உருக்காலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும், ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து குடியேறியோர் இலட்சக்கணக்கில் உழைத்த காலமொன்று இருந்தது. அவருள் ஒருவர் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தால் கூலி அன்றோடு நின்றுவிடும். இறந்தாலோ, அடக்கச் செலவுக்கே அயலவர் கையை எதிர்பார்க்க வேண்டும். இவ்விடரினின்றும் தப்புவதற்காகவே அவர்கள் சகோதர சங்கங்களை நிறுவினர். மாதந்தோறும் சிறு தொகையைச் சந்தாவாகச் செலுத்துவர். நோயின்போது உதவிப்படியும், மரணம் நேர்ந்தால் குடும்பத்தினர் காப்புறுதிப் பணமும் பெறுவர். ஆயின், இச்சங்கங்களுட் பெரும்பாலானவை ஒரு மொழியினருக்கோ ஒரு மதத்தினருக்கோ மட்டும் உரியனவாய் இருந்தன.

1930ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் தோன்றிய ‘இன்டர்நாஷனல் வேர்க்கர்ஸ் ஓடர்’, அதாவது சர்வதேசத் தொழிலாளர் சங்கம், இவ்வழக்கத்தை மாற்றியது. யூதத் தொழிலாளரின் பழைய சங்கமொன்றிலிருந்து பிரிந்த ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அதனைத் தொடக்கினர். சில ஆண்டுகளுக்குள் ஹங்கேரியர், சுலோவாக்கியர், உக்ரேனியர், ரஷ்யர், போலந்தினர், இத்தாலியர், ஸ்பானிய மொழி பேசுவோர் ஆகியோரும் அதனுள் வந்து சேர்ந்தனர். ஒவ்வோர் இனத்தவரும் தத்தம் மொழியிலேயே கிளைகளை நடத்தலாம். காப்புறுதியோ எல்லோருக்கும் பொதுவானது. கறுப்பின மக்களிடம் வர்த்தகக் காப்புறுதிக் கம்பெனிகள் கூடிய கட்டணம் அறவிட்ட அந்நாளில், இச்சங்கம் நிறத்தைப் பாராது ஒரே கட்டணத்தையே பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அதன் அங்கத்தவர் தொகை இரண்டு இலட்சத்தை நெருங்கிற்று.

இத்தனை மொழியினரை இணைத்து நடத்தும் தலைவர்கள் எங்கிருந்து வந்தனர்? அவர்களுள் மிகப் பலர் கிளைச் சங்கங்களிலிருந்தே எழுந்தனர். கிளை ஒவ்வொன்றுக்கும் தலைவர், காரியதரிசி, தனாதிகாரி என்போர் வேண்டும். பகலில் உலையின் முன் நின்றவர் இரவில் கணக்கேட்டைத் திறப்பார். சந்தாவைப் பெற்றுப் பற்றுச்சீட்டு எழுதுவார். கூட்டத்தின் நடவடிக்கைகளைக் குறித்து வைப்பார். நோயாளியின் வீட்டுக்குச் சென்று நிலைமையை அறிந்து வருவார். தம் கருத்துக்கு மாறாகப் பெரும்பான்மையோர் வாக்களித்தால், அத்தீர்மானத்தையே தம் கையால் எழுதி நிறைவேற்றுவார். விரிவுரைகளும் வகுப்புகளும் நடைபெற்றன என்பது உண்மையே. ஆயினும், பிறர் பணத்துக்கும் பிறர் துயருக்கும் பொறுப்பேற்ற அந்தச் சிறு பதவிகளே அவர்களுக்கு வாய்த்த பெரும் பாடசாலை.

அப்பயிற்சியின் பயன் 1936ஆம் ஆண்டிற் புலப்பட்டது. 1919இல் நடந்த உருக்குத் தொழிலாளர் பெரு வேலைநிறுத்தம் முறிந்தமைக்கு ஒரு காரணம், முதலாளிமார் ஓர் இனத்தவரை மற்றோர் இனத்தவருக்கு எதிராக நிறுத்தியமை. பதினேழு ஆண்டுகளின் பின் மீண்டும் தொழிற்சங்கம் அமைக்க முற்பட்டபோது அந்தப் பழைய சுவர் அப்படியே நின்றது. ஆங்கிலத்தில் அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தைப் பலரால் வாசிக்க முடியாது. அறியாதவர் வீட்டுப் படலையைத் தட்டினால் கதவு திறக்காது. கிளைச் சங்கக் காரியதரிசி தட்டினால் திறக்கும். மாதந்தோறும் சந்தா பெற வருபவர் அவரல்லவா? அவ்வாண்டு ஒக்டோபரில் பல சகோதர சங்கங்களின் பிரதிநிதிகள் பிற்ஸ்பேர்க் நகரிற் கூடினர். அம்முயற்சியை முன்னின்று நடத்திய கெபெர்ட் என்பார், சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் போலந்துப் பிரிவின் தலைவர். 1937 மார்ச்சில் ‘யு. எஸ். ஸ்ரீல்’ என்னும் மாபெருங் கம்பெனி தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது. அவ்வெற்றியில் இச்சங்கத்தாருக்கும் பங்குண்டு.

வேறொரு வழியால் வந்தவர் லூயிஸ் தொம்சன் என்னும் கறுப்பினப் பெண்மணி. பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, தென் மாநிலக் கல்லூரிகளிற் கற்பித்தவர் அவர். ஆசிரியப் பணியை விட்ட பின் இச்சங்கத்தின் அமைப்பாளரானார். 1934இல் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரிற் கைதுசெய்யவும் பட்டார். பின்னாளில் சங்கத்தின் உப தலைவர்களுள் ஒருவரானார். குடியேறிய வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த ஒரு சங்கத்தில் கறுப்பினப் பெண் ஒருவர் அத்தகைய பதவியை வகித்தமை, அக்கால அமெரிக்காவில் அரிதினும் அரிது.

குறையும் கூறவேண்டும். அங்கத்தவருட் பெரும்பாலார் எந்தக் கட்சியையும் சேராதவர். மலிவான காப்புறுதியையும் தம் மொழி பேசும் கூட்டத்தையும் நாடி வந்தவர். உச்சியில் இருந்தோருட் பலரோ பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவர். கிளையின் கணக்கை அங்கத்தவர் கேட்டுத் தெளிந்தனர். மேலிடத்தின் அரசியற் போக்கைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் அந்த அளவுக்கு இருக்கவில்லை. 1947இல் அரசாங்கம் இச்சங்கத்தை நாட்டுக்குக் கேடான அமைப்புகளின் பட்டியலிற் சேர்த்தது. நிதிநிலை உறுதியாக இருந்தும், அதன் அரசியற் சார்பே ஆபத்தெனக் கொண்டு, அதனைக் கலைக்குமாறு நியூயோர்க் மாநில நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. 1954இல் சங்கம் மறைந்தது. ஒரு சதமும் தவறாது சந்தா செலுத்திய முதியவர்கள், தாம் செய்யாத குற்றத்துக்காகத் தம் சங்கத்தை இழந்தனர். இவ்விழப்பில், வழக்குத் தொடுத்த அரசுக்கு மட்டுமன்றி, கட்சியையும் சங்கத்தையும் வேறுபிரித்துக் காக்கத் தவறிய தலைமைக்கும் பொறுப்புண்டு.

அச்சங்கத்தின் ஏடுகள் இன்று கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பேணப்படுகின்றன. சங்கம் கலைந்த பின்னரும், கூட்டம் நடத்தவும் கணக்கு ஒப்புவிக்கவும் வேற்று மொழியாரோடு ஒரே மேசையில் அமரவும் பழகிய ஆயிரக்கணக்கானோர் எஞ்சியிருந்தனர். அப்பழக்கத்தைக் கலைக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலவில்லை.