வாய்க்கால் இல்லாத குளம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





இயற்கையைப் பேணுவதில் நமது கடமை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது சிறிது தயங்கினேன். இயற்கை என்றதும் மலையும் காடும் பேராறும் நினைவுக்கு வருகின்றன. நமது குடாநாட்டிலோ மலையில்லை, பெருங்காடில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுமில்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மாரிகாலத்தில் மட்டுமே ஆறு. ஆகவே பெரிய பொருளை விட்டு, எனக்குத் தெரிந்த சிறிய பொருளொன்றை எடுத்துக்கொள்கிறேன். அது நமது ஊர்க் குளம். பெரியோர் பலர் நீந்திப் பழகிய குளம் அது. என் வயதினர் அதை அறிந்தது பெரும்பாலும் பந்து விளையாடும் தரையாகத்தான்.

பல்கலைக்கழகத்தில் புவியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், முதலில் நமது நிலத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் கூற அனுமதி வேண்டுகிறேன். நம் காலடியில் இருப்பது சுண்ணக்கல். அதிலே வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் அவ்வழியே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. கீழே கடல்நீரும் புகுந்திருக்கிறது. உப்புநீர் பாரமானது, நன்னீர் இலேசானது. ஆதலால் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தாழ்ந்து நிற்கும் என்பது நிலநீர் ஆராய்வோர் கூறும் கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வர வழி பிறக்கிறது. கிணற்றுநீர் உவர்ப்பாகிவிட்டது என்று நாம் சலித்துக்கொள்வதன் உட்பொருள் இதுவே.

நம் முன்னோர் இக்கணக்கைப் புத்தகத்தில் படித்தவர்களல்லர். எனினும் ஊர்தோறும் குளமும் கேணியும் வெட்டி, மழைநீரை ஓடவிடாது நிறுத்தி வைத்தனர். குளத்தில் நின்ற நீர் மெல்ல மெல்ல இறங்கி அயற்கிணறுகளை ஊட்டியது. மாடுகள் நீர் குடித்து உடல் தேய்த்துக்கொள்ளக் கரையிலே ஆவுரோஞ்சிக்கல் நட்டார்கள். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மனிதனுடைய களைப்பே நீருக்கு ஓர் எல்லையாக இருந்தது. இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போயிற்று. இறைப்பது பெருகியது, ஊட்டுவது குறைந்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவுக்கு மிஞ்சி இட்ட உரமும், வளவுதோறும் உள்ள மலகூடக் குழிகளும் நைத்திரேற்று என்னும் உப்பைக் கிணறுகளில் சேர்த்தன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்தில் அவ்வரம்பைத் தாண்டிய கிணறுகள் பல. கைக்குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியையும், 2019 இல் உயர் நீதிமன்றம் அம்மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு விதித்ததையும் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இழப்பீடு கிடைக்கலாம், ஆனால் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய அழுக்கை யார் துடைத்தெடுப்பது?

நிற்க. இனி நமது குளத்தின் கதைக்கு வருகிறேன்.

ஈராண்டுகளுக்கு முன் ஆவணி மாதத்தில் நாங்கள் இளைஞர் நாற்பது பேர் சேர்ந்து அக்குளத்தில் சிரமதானம் செய்தோம். மண்வெட்டி, கடகம், தாச்சி என்று அவரவர் வீட்டிலிருந்ததைக் கொண்டுவந்தோம். பொலித்தீன் பைகளும் உடைந்த போத்தல்களும் மட்டும் இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகள் நிறைய ஏறின. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சேறு வாரினோம். தாய்மார் பிளேன்ரீயும் பணிசும் தந்து உற்சாகப்படுத்தினர். வேலை முடிந்த அன்று கரையில் வரிசையாக நின்று படமும் எடுத்துக்கொண்டோம். அப்படத்தில் முன்வரிசையில் மண்வெட்டியோடு நிற்பவன் நானே.

கார்த்திகையில் மழை கொட்டிற்று. வீதியெல்லாம் வெள்ளம். கோயில் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். குளத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தோம். நடுவிலே எருமை படுத்தெழும்பிய பள்ளம் போலச் சிறிது நீர் கிடந்தது. அவ்வளவுதான். ஊர் முழுவதும் வெள்ளத்தில் நிற்கக் குளம் மாத்திரம் காய்ந்து கிடந்தது.

அன்று அங்கு குடையோடு வந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "தம்பியவை, குளத்தைக் கிண்டிப் போட்டியள், நல்ல விசயம். தண்ணி எந்தப் பக்கத்தால வாறது?"

எங்கள் நாற்பது பேரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. நிலநீரைப்பற்றிப் பரீட்சையில் எழுதிச் சித்தியெய்திய எனக்கும் தெரியவில்லை.

"வாங்கோ காட்டுறன்" என்று அவர் முன்னே நடந்தார். கொட்டும் மழையில் நாங்கள் பின்தொடர்ந்தோம். வயல்வெளி ஓரமாகத் தொடங்கி, ஒழுங்கையைக் கடந்து, நாலடி அகலத்தில் குளத்துக்கு வந்த வெள்ளவாய்க்கால் ஒன்று முன்னாளில் இருந்ததாம். இப்போது வீதிக்குக் குறுக்கேயுள்ள மதகு மண்ணால் அடைந்திருந்தது. அப்பால் ஒரு வீட்டார் வாய்க்காலை நிரவி வாகனம் விடும் வழியாக்கியிருந்தனர். வேறொரு வளவில் அதன்மேல் கொட்டில் எழுந்திருந்தது. கடைசியாக ஒரு மதிலடியில் வந்து நின்ற முதியவர், ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். அந்த மதில் எங்கள் வீட்டு மதில்.

இதைச் சபையில் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆயினும் சொல்லாமல் மற்றவருக்குப் புத்தி கூற எனக்கு உரிமையில்லை. அன்றிரவு ஐயாவிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "1995 இல இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வரேக்கை வேலியும் இல்லை, எல்லையும் இல்லை. எல்லாம் பத்தை. ஆர் வாய்க்காலைக் கண்டது? இருந்ததைக் காப்பாற்ற மதிலைக் கட்டினன்" என்றார். அவர் கூறியது பொய்யன்று. இடம்பெயர்ந்த ஊரிலே மனிதரோடு வழக்கங்களும் இடம்பெயர்ந்துவிடுகின்றன. மனிதர் திரும்பி வந்தனர். வழக்கங்களிற் பல திரும்பவில்லை. மூன்று நாட்கள் ஐயா அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் மேசன் ஒருவரை அழைத்து வந்து, மதிலின் அடியில் இரண்டடி அகலத்துக்கு வாய் திறந்து, இரும்புக் கம்பி வைத்துக் கொடுத்தார். இளைஞர்கள் மதகின் மண்ணை அள்ளினர். சென்ற மாரியில் குளம் பாதி நிறைந்தது. மறுபாதி நிறையாமைக்குக் காரணமாகிய தடைகள் இன்னும் இரண்டு உள்ளன. அவற்றுக்குரியோர் இம்மண்டபத்திலும் இருக்கலாம். பெயர் கூற நான் வரவில்லை. எங்கள் மதிலைப்பற்றிக் கூறவே வந்தேன்.

நான் மிஷன் பாடசாலையில் கல்வி கற்றவன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அங்கே வேதாகம வகுப்பிலே கேட்ட கதையொன்று உண்டு. ஆபிரகாம் காலத்தில் வெட்டிய கிணறுகளை, அவர் மறைந்தபின் பெலிஸ்தர் மண்போட்டுத் தூர்த்துவிட்டனர். மகன் ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே மீண்டும் இட்டார். வீட்டிலே அம்மம்மா சொன்ன கதையோ தண்டியடிகள் நாயனாருடையது. திருவாரூர்த் திருக்குளத்தைச் சுற்றி மனைகள் நெருங்கிக் குளம் தூர்ந்து சுருங்கியபோது, கண்ணில்லாத அவ்வடியார் குளத்திலும் கரையிலும் கம்பு நட்டு, கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவித் தடவி நடந்து மண் சுமந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. பாடசாலையும் வீடும் எனக்கு ஒன்றையே கற்பித்தன. தூர்ந்ததைத் தோண்டுவது இறைபணி. ஒரேயொரு வேற்றுமையுண்டு. ஈசாக்கின் கிணறுகளைத் தூர்த்தவர் பிறர். நமது குளத்தைத் தூர்த்தவர் நாமே. கண்ணில்லாதவர் கயிறு கட்டி வழி கண்டார். கண்ணுடைய நாம் வழியையே மறைத்து மதில் கட்டினோம்.

ஊரார் கூடி இழந்த நீரை மீட்டல் இக்காலத்தில் ஆகுமோ என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று கூறுகிறேன். இந்தியாவிலே இராஜஸ்தான் மாநிலத்து ஆல்வார் மாவட்டம் நம்மினும் வரண்ட பூமி. 1985 இல் இராஜேந்திர சிங் என்னும் இளைஞர் சில நண்பரோடு அங்கு சென்றார். வைத்தியமும் கல்வியும் கொடுப்பதே அவர் நோக்கம். ஆனால் ஊர் முதியவர் ஒருவர், எங்களுக்கு வேண்டியது தண்ணீர், அதற்கு மண்ணைத் தோண்டு என்றாராம். அங்கும் வழிகாட்டியது ஒரு முதியவரே என்பதைக் கவனியுங்கள். ஜோஹட் எனப்படும் பிறைவடிவ மண்ணணைகள் தூர்ந்து கிடந்தன. கோபால்புரா என்னும் கிராமத்தில் தொடங்கி ஊர் ஊராக அவற்றை மீட்டனர். மழைநீர் நின்று இறங்கியது, கிணறுகள் ஊறின. மாரியில் மட்டும் ஓடி மறைந்த அர்வரி ஆறு பத்தாண்டளவில் ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கிற்று. அவருக்கு 2001 இல் மகசேசே விருது கிடைத்தது. ஆனால் விருதினும் பெரியது வேறொன்று. எழுபது அளவிலான ஊர்கள் கூடி அர்வரி நாடாளுமன்றம் என்றொரு சபை அமைத்து, யார் எவ்வளவு நீர் எடுக்கலாம், எப்பயிரை விலக்கவேண்டும் என்று தமக்குத் தாமே விதி செய்தன. தோண்டியதனால் நீர் வந்தது. விதி செய்ததனால் அது நின்றது.

நம்மிடமும் பெருந்திட்டங்கள் இல்லாமலில்லை. பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கும் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தை 1954 இல் முன்வைத்தார். அது இன்னும் முற்றுப்பெறவில்லை. அதனைக் கேட்பது நம் உரிமை. ஆனால் மதகில் அடைந்த மண்ணை அள்ளுவதற்கு எந்த அரசாங்கத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

பெரியோர்கள் மன்னிப்பார்களாயின் இன்னுமொன்று. பழைய ஒழுங்கைப் புகழும்போது அதன் குறையையும் மறைக்கலாகாது. குளம் ஊருக்குப் பொது என்றோம். ஆனால் எல்லோரும் எல்லாக் கிணற்றிலும் அள்ள விட்டோமா? அந்த அநீதியைத் தடுக்க 1957 இல் சட்டமே வேண்டியிருந்தது. குளத்தை மீட்கும்போது அந்தப் பழைய வேலியையும் சேர்த்து மீட்டுவிடக்கூடாது. நிலத்தடியில் நீர் வேலி பார்த்து ஓடுவதில்லை.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? நான்கு கூறுகிறேன்.

முதலாவது, வருகிற மாரியில் ஒரு நாள் மழை பெய்யும்போதே முதியவரும் இளைஞரும் சேர்ந்து குடை பிடித்து ஊரைச் சுற்றி நடக்கவேண்டும். நீர் எங்கே பிறந்து எங்கே தடைப்படுகிறது என்பதை வெயிலில் அறியமுடியாது. கண்டதைப் படமாக வரைந்து சங்கத்தில் தொங்கவிடவேண்டும். அறிந்த முதியவர் இருக்கும்போதே இது நடக்கவேண்டும்.

இரண்டாவது, தடைப்பட்ட இடத்துக்குரியவரோடு வழக்காடாமல், வீட்டுக்குச் சென்று பேசவேண்டும். மதிலை இடிக்கத் தேவையில்லை. இரண்டடி வாய் போதும். 2020 மார்கழியில் புரெவிப் புயலின்போது வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து வருந்தியோர், வாய்க்கால் திறப்பது தமக்கும் நன்மை என்பதை உணர்வர்.

மூன்றாவது, ஆவணி மாதத்து முதல் ஞாயிறு ஆண்டுதோறும் குளத்துக்குரிய நாளாகட்டும். கோயிலுக்குத் திருவிழா முறை உண்டு. இன்ன நாள் இன்னார் உபயம் என்று தவறாமல் நடக்கிறது. வாய்க்காலையும் துண்டு துண்டாகப் பிரித்து முறை வைப்போம். ஆனால் நினைத்த ஆழத்துக்குத் தோண்டிவிடக்கூடாது; அடியிலுள்ள களிமண்ணை வெட்டியெடுத்தால் நீர் தங்காது. ஆகவே கமநல அபிவிருத்தித் திணைக்களத்தாரையும் பிரதேச சபையாரையும் கேட்டே செய்யவேண்டும். கரையிலே பனங்கொட்டைகளைப் புதைப்போம். போரிலே காவலரண்களுக்காக வெட்டுண்ட பனைகளுக்கு அது கைம்மாறாகும்.

நான்காவது, பாடசாலை மாணவர் மாதமொருமுறை கயிற்றில் கல் கட்டிப் பத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதட்டும். பத்தாண்டு சென்றால் அக்கொப்பி எந்த அறிஞரும் விரும்பிக் கேட்கும் செல்வமாகும்.

சகோதரர்களே, நாங்கள் சேறு வாரிய மூன்று ஞாயிறுகளும் வீண்போயின என்று நான் கூறவில்லை. ஆனால் படமெடுத்த அன்று வேலை முடிந்தது என்று எண்ணினோமே, அதுவே எங்கள் பிழை. பெரியோர்களே, தங்களிடம் நாங்கள் பொருள் கேட்கவில்லை. நீர் வந்த வழியைச் சொல்லித் தாருங்கள். தங்கள் மதிலில் அவ்வழி கிடந்தால் அதற்கு ஒரு வாய் திறந்து தாருங்கள். மண் சுமக்க எங்களுக்குத் தோள் இருக்கிறது.

அன்று மழையில் குடையோடு வழிகாட்டிய முதியவர் சென்ற தைமாதம் காலமானார். குளம் பாதி நிறைந்ததை அவர் பார்த்தார். "மற்றப் பாதி?" என்று என்னிடம் கேட்டார். அக்கேள்வியை இச்சபையிடம் ஒப்படைத்து அமர்கிறேன்.