சிறிய அண்டை நாட்டின் பெரிய கௌரவம்



பெரிய தேசமொன்று தன் பக்கத்திலுள்ள சிறிய தேசத்துக்கு உதவ முன்வருங்கால், கொடுத்த பெருமையை நாடுவதா, பெறுகிறவரின் சுதந்திரமும் கௌரவமும் ஓங்குவதை நாடுவதா என்னும் வினாவுக்கு, இமயச் சாரலிலுள்ள பூட்டானோடு நம் பாரதம் கொண்டிருக்கும் உறவு தெளிவான விடை தருகிறது என்பது என் திடமான நம்பிக்கை.

1958-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அவர்கள் அந்நாட்டுக்குச் சென்றபோது, நம் சமவெளியிலிருந்து பூட்டானின் உட்பகுதிக்கு மோட்டார் செல்லும் பாதை இல்லாமையால், நாதுலா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியே குதிரை மீதும் யாக் எருது மீதும் பிரயாணம் செய்து அந்நாட்டின் பாரோ நகரை அடைந்தார். பூட்டான் சுதந்திர நாடாகத் தன் வழியிலேயே முன்னேற வேண்டுமென்பதே நம் விருப்பம் என்று அங்குள்ள ஜனங்களுக்கு எடுத்துரைத்தார். பூட்டான் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் 1961-இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் செலவை நம் நாடே ஏற்றது. அவ்வாண்டிலேயே நம் எல்லைச் சாலை அமைப்பின் 'தந்தக்' பிரிவினர் மலையைக் குடைந்து, எல்லையிலிருந்து திம்பு வரை சாலை சமைக்கலாயினர். அப்பணியில் உயிர் நீத்தோர் பலர்.

ஆயினும், இவ்வுறவின் மேன்மையைச் சுக்கா நீர்மின் திட்டத்தில்தான் முழுமையாகக் காண்கிறோம். 1974-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை நன்கொடையாகவும் நாற்பது பங்கைக் கடனாகவும் பாரதம் வழங்கிற்று. பூட்டானின் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை விலை கொடுத்து வாங்கவும் இசைந்தது. 336 மெகாவாட் திறனுள்ள அந்நிலையம் 1991-இல் பூட்டானிடம் ஒப்படைக்கப்பட்டது. உதவி பெற்ற நாடு, நமக்கே மின்சாரம் விற்று, அவ்வருவாயைத் தன் மக்களின் கல்விக்கும் வைத்தியத்துக்கும் செலவிடும் நாடாக உயர்ந்தது!

பொருளாதாரத்தில் நேர்ந்த இவ்வுயர்வோடு அரசியல் சமத்துவமும் வளர்ந்தது. 1971-இல் நம் ஆதரவோடு பூட்டான் ஐக்கிய நாடுகள் சபையில் அங்கம் பெற்றது. வெளிவிவகாரங்களில் பாரதத்தின் ஆலோசனைப்படி நடக்கவேண்டுமென்று 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலிருந்த நிபந்தனை, 2007-ஆம் ஆண்டின் புதிய உடன்படிக்கையில் நீக்கப்பட்டது.

எனினும், பின்னர் வந்த புனாட்சங்சூ முதல் நீர்மின் திட்டத்தில் நன்கொடை நூற்றுக்கு நாற்பதாகக் குறைந்து கடன் அறுபதாக ஏறியதையும், அணை எழும் இடத்தில் மலைச்சரிவு நழுவியமையால் ஆண்டுகள் நீண்டு செலவு மிகுந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. மலையின் இயல்பால் நேர்ந்த நஷ்டம் சிறிய நாட்டின் தலைமேல் கடன்சுமையாக ஏறுமாயின், சுக்காவில் நாம் ஈட்டிய நற்பெயர் தேய்ந்துவிடும்.

ஆகையால் அன்பர்களே, கூட்டாகத் தொடங்கிய காரியத்தின் லாபத்தைப் போலவே அதன் நஷ்டத்தையும் கூட்டாகத் தாங்குவதே நட்புக்கு லக்ஷணம் என்பதை நம் பிரதிநிதிகளிடம் வற்புறுத்துவோம். அயல்நாட்டு உதவி என்பது அரசாங்கங்களின் விவகாரம் என்று ஒதுங்காமல், நம் பெயரால் அளிக்கப்படுவது எத்தகைய நிபந்தனைகளோடு அளிக்கப்படுகிறது என்று கேட்டறிவது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.