நலமே அழகு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

உடலும் அழகும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அச்சொல் ‘நலம்’. ஊருக்குக் கடிதம் எழுதினால் நலம் விசாரிக்கிறோம். அங்கே நலம் என்பது நோயின்மை. திருக்குறளின் 112ஆம் அதிகாரத்திற்கு ‘நலம் புனைந்துரைத்தல்’ என்று பெயர். அங்கே நலம் என்பது காதலியின் அழகு. ஒருவரை நல்லவர் என்கிறோம். அதுவும் இவ்வேரிற் கிளைத்த சொல்லே. அழகு, உடல்நன்மை, பண்பு ஆகிய மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிய மொழி நம்முடையது. அம்மூன்றையும் பிரித்து, அழகை மட்டும் கண்ணாடியிடமும் கைபேசியிடமும் ஒப்படைத்துவிட்டோம் நாம். அதனால் விளையும் கேடு யாது என்பதே இன்று நான் கூற விரும்புவது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இந்த மைசூரே சான்று. 1934ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாண்டில் இந்நகரில் தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகள் நடந்தன.

முதலாவது, ஒரு சிறுவனின் வருகை. அப்பொழுது நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தி வந்தார். அவருடைய மனைவியின் தம்பி, கோலார்ப் பகுதியைச் சேர்ந்த பெல்லூரில் 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சாக் கொள்ளைநோய்க் காலத்தில் பிறந்தவர். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் ஆகியவற்றால் அலைக்கழிக்கப்பட்டு, மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறுமாக இங்கு வந்து சேர்ந்தார். ஆசானே அவ்வுடலைக் கண்டு பயிற்சி தரத் தயங்கினார். அச்சிறுவரே பின்னாளில் உலகறிந்த பி. கே. எஸ். ஐயங்கார். 1966இல் வெளிவந்த அவருடைய ‘லைட் ஆன் யோகா’ பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 2014இல் மறைந்தபொழுது அவருக்கு வயது 95. நோயால் நலிந்த உடல் எப்படியிருக்கும் என்பதைத் தம் உடலிலேயே அறிந்தவர் அவர். பிற்காலத்தில் நாற்காலி, கயிறு, மரக்கட்டை ஆகியவற்றைத் துணையாக வைத்து, முதியோரும் நோயாளரும் ஆசனம் செய்ய வழிகாட்டினார். கட்டழகர் சிலர்க்கு மட்டும் உரியதாகக் கருதப்பட்ட கலையை எல்லா உடலுக்கும் உரியதாக்கினார். தோற்றத்தாற் சிறியரென்று எவரையும் தாழ்வாக எண்ணலாகாது என்பதற்குத் தேரின் அச்சாணியை வள்ளுவர் எடுத்துக்காட்டியது நினைவுக்கு வருகிறதன்றோ?

இரண்டாவது நிகழ்ச்சி, ஒரு பேரேடு. நாம் மிஷன் மருத்துவமனை என்று அழைக்கும் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில், 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலையின் சுற்றளவு ஆகியவற்றைக் குறித்து வைத்தனர். தாயின் எடையும் குறிக்கப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர் அப்பேரேட்டைத் திறந்து, 1934க்கும் 1954க்கும் இடையே பிறந்தவர்களுள் 517 பேரை இந்நகரிலேயே தேடிக் கண்டு ஆராய்ந்தனர். முடிவு 1996இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. இரண்டரைக் கிலோவுக்கு மிகாமற் பிறந்தவர்களில் 100க்கு 11 பேரிடம் இதயநோய் காணப்பட்டது; மூன்று கிலோவுக்கு மேல் நல்ல எடையுடன் பிறந்தவர்களில் 100க்கு 3 பேரிடமே காணப்பட்டது. அவ்வாறு சிறுத்துப் பிறந்தோருள்ளும், தாயும் 45 கிலோவுக்குக் குறைந்தவராக இருந்தவர்களிடம் நோய் மிகுதியாக இருந்தது. எடை குறைந்து பிறந்தவரெல்லாம் நோயாளர் ஆவர் என்பது இதன் பொருளன்று. தாயின் உடல்வளம் பிள்ளையின் நடுவயதுவரை தொடர்ந்து வருகிறது என்பதே இதன் பொருள்.

தாய்மார்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அந்நாளில் அத்தாய்மார் வறுமையால் மெலிந்தனர். இந்நாளில் சோறும் பாலும் வீட்டில் இருக்கவும், மெலிவே அழகென்று நம்பி நம் பெண்கள் சிலர் காலை உணவைத் துறக்கின்றனர். 2019–21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். வெளிறிய முகத்தைச் சிவப்பழகு என்று போற்றும் சமுதாயம் அந்நோயை எங்ஙனம் கண்டறியும்?

நிறத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். 1975இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று, வெண்மையும் அழகும் ஒன்றே என்று தன் பெயரிலேயே பறைசாற்றிற்று. எதிர்ப்பு வலுக்கவே, 2020இல் ‘ஃபேர்’ என்னும் சொல்லை நீக்கி ‘க்ளோ’ என்று மாற்றிக்கொண்டது. குப்பியின் மேலிருந்த பெயர் மாறிவிட்டது. பெண் பார்க்கச் செல்லும் நம் வீட்டார் வாயிலுள்ள சொல் மாறிற்றா? பிறந்த குழந்தையைத் தொட்டிலில் காண வருவோர், அது நன்றாகப் பால் குடிக்கிறதா என்று கேட்பதற்கு முன், என்ன நிறம் என்று கேட்பது நின்றதா?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். இந்நகரின் கரடிமனைகளை நீங்கள் அறிவீர்கள். பழைய தமிழில் அதுவே கரடிக்கூடம். அங்கே செம்மண்ணில் இறங்கிய மல்லனின் வலிமையை அளந்தது எதிரியின் பிடியே, கண்ணாடியன்று. இன்று ஜிம்முக்குச் செல்வது நன்றே. அதனை நான் குறைகூற வரவில்லை. ஆயின் மருத்துவரைக் கேளாமல் ஊசியும் மாத்திரையும் ஏற்றித் தசையைப் பருக்கவைப்பது, வேரை வெட்டிவிட்டு இலைக்குப் பச்சை வண்ணம் பூசுவதை ஒக்கும்.

மெலிந்திருப்பவர் நலமுடையவர் என்ற எண்ணமும் பிழையே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று மதிப்பிட்டது. தோற்றத்தில் ஒல்லியாகவும் வயிற்றுள் கொழுப்பு மிகுந்தும் இருப்போர் நம்மிடையே பலர். கண் சொல்வதைக் கொண்டு உடலை எடைபோட இயலாது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடல் வியர்க்க உழைக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் வேண்டும். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. சாமுண்டி மலையின் ஏறத்தாழ ஆயிரம் படிகளும் ஏறுவோரின் நிறத்தைக் கேட்பதில்லை. குடும்பத்தோடு செல்லுங்கள், பாட்டியை மெதுவாக அழைத்துச் செல்லுங்கள், பருத்த பிள்ளையைப் பின்தங்கவிட்டு நகைக்காதீர்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அயல் மண்ணில் தமிழைக் காக்கவே சங்கம் வைத்தோம். காக்கத்தக்க தமிழும் உண்டு. கைவிடத்தக்க தமிழும் உண்டு. குண்டு, குச்சி, கறுப்பி என்று நம் பிள்ளைகளை அவர்தம் உடலாற் பெயரிட்டு அழைக்கும் சொற்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அன்பினால் சொல்கிறோம் என்பர். அன்பினாற் சொன்னாலும் அச்சொல்லைத் தாங்கி வளர்வது அப்பிள்ளையே அன்றோ? இன்றிரவு வீடு திரும்பியதும் அவற்றைக் கைவிடுவோம். உறவினர் மகளைக் காணும்பொழுது, இளைத்துவிட்டாயே, கறுத்துவிட்டாயே என்னாமல், நலமா என்று கேட்போம். நம் முன்னோர் அழகையும் உள்ளடக்கி வைத்த கேள்வி அது.

அனைவரும் நலம் பெறுக!