நெஞ்சில் நிற்பது நடந்த தெருவே!

நடுவர் அவர்களே, ஏசி காற்றிலேயே இன்னும் உறைந்து போயிருக்கும் எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே, சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தார்களே!

"வேலையாய் வெளியூர் போனவர் நெஞ்சில் நிற்பது தங்கிய ஓட்டலா, நடந்த தெருவா?" இதுதான் தலைப்பு. முன்னால பேசிய நண்பர் ஓட்டல் மெத்தையைப் பத்தி பத்து நிமிஷம் பேசினார். கேட்டுக்கிட்டிருந்த எனக்கே கொட்டாவி வந்துடுச்சு! (சிரிப்பு)

ஐயா, நான் கணக்குத் தணிக்கைக்காக ஊர் ஊராய்ப் போகிறவன். பெரிய ஓட்டல் அறை எந்த ஊரிலும் ஒண்ணுதான். மும்பையிலும் அதே வெள்ளை விரிப்பு, ஐதராபாத்திலும் அதே குட்டி சோப்பு. எங்க வீட்டம்மா அலமாரியில அந்த சோப்பு நாப்பது சேர்ந்திருக்கு. எது எந்த ஊர் சோப்புன்னு அவங்களாலயும் சொல்ல முடியல, என்னாலயும் சொல்ல முடியல. எதிரணிக்கு இதை விட என்ன சாட்சி வேணும்? (கைதட்டல்)

ஆனால் புதுச்சேரிக்கு மூன்று நாள் வேலையாய்ப் போனேன். அந்த ஊரை இந்த மேடையில் கண்ணை மூடிக்கொண்டே நடந்து காட்டுவேன். சாயங்காலம் ஆறு மணி ஆனா கடற்கரைச் சாலையில வண்டி கிடையாது. மறுநாள் காலை ஏழரை வரைக்கும் அது நடக்கிறவன் ராஜ்யம். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் நிக்கிறார். 1836-ல் கட்டின பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை எல்லாம் ஒரே நடையில் பார்த்துடலாம். பின்னால் பிரெஞ்சுக்காரர் தெருக்கள். மஞ்சள் சுவர், அதன் மேல் வழியும் காகிதப்பூ. பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் தெருக்கள். வாசலில் கோலம், மரத்தூண், திண்ணை.

பிரெஞ்சில் தெருவுக்கு 'ரூ' என்று பெயராம். வெள்ளைக்கார வீதியில ஒரு ஓட்டல்ல வாடகை கேட்டேன். வெளியே போர்டுலயும் 'ரூ', உள்ளே அட்டையிலயும் 'ரூ'. உள்ளே இருக்கிற 'ரூ' பக்கத்துல மட்டும் அஞ்சு இலக்கம்! (பலத்த சிரிப்பு) நாம ஓட்டல்னா சாப்பிடுற இடம்னு நினைக்கிறோம். இங்கிலீஷ்காரன் தங்குற இடம்னு நினைக்கிறான். பிரெஞ்சுக்காரன் நகராட்சிக் கட்டடத்துக்கே ஓட்டல்னு பேர் வச்சிருக்கான். எதிரணிக்கு எந்த ஓட்டல்னு முதல்ல அவங்களே முடிவு பண்ணட்டும்.

நடுவர் அவர்களே, அந்த ஊருக்கு வந்தாரே ஒரு பெரிய விருந்தாளி! 1908-ல் வெள்ளையர் கைது செய்வார்கள் என்ற நிலையில் பாரதி புதுச்சேரிக்கு வந்தார். பத்து ஆண்டு இருந்தார். எந்த ஓட்டலில் ரூம் போட்டார்? ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் விளக்கெண்ணெய்ச் செட்டியார் வீட்டில் குடியிருந்தார். செட்டியார் வாடகை கேட்க வருவாராம். பாட்டைக் கேட்பாராம். வாடகையைக் கேட்காமலே திரும்பிப் போவாராம். பாரதியோடு பழகியவர்கள் எழுதி வைத்த செய்தி இது. இன்னைக்கு எந்த ஓட்டல் வரவேற்பிலாவது போய்ப் பாடிப் பாருங்க. முன்பணத்தை இரண்டு மடங்காக்கிடுவான்! (சிரிப்பு, கைதட்டல்) அந்தப் பத்து வருஷத்துலதான் 'பாஞ்சாலி சபதம்', 'குயில் பாட்டு' எல்லாம் பிறந்தது. அதையெல்லாம் எழுத வைத்தது ஒரு தெருவும் அதன் மனுஷர்களும்தான்.

எனக்கும் ஒண்ணு நடந்தது. மத்தியான இடைவேளையில் பெருமாள் கோயில் தெருப் பக்கம் நின்னேன். திண்ணையில் இருந்த ஒரு பாட்டி, "வெயில்ல ஏம்ப்பா நிக்கிறே, இப்படி உட்காரு"ன்னாங்க. உட்கார்ந்தேன். தண்ணி வந்தது. "எங்கே தங்கியிருக்கே?" சொன்னேன். "எவ்வளவு?" அதையும் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டுக் கேட்டாங்க: "தூங்கறதுக்கா?" (நீண்ட சிரிப்பு)

அப்புறம் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாங்க. "அந்த வீட்டுக்கும் திண்ணை இருந்துச்சுப்பா. இடிச்சு ஷட்டர் போட்டுட்டாங்க. சாயங்காலம் ஆனா அங்கேயிருந்து அவ பேசுவா, இங்கேயிருந்து நான் பேசுவேன். இப்ப ஷட்டரோட என்னத்தைப் பேச?" அந்த இடத்துல எனக்கு சிரிப்பு வரல ஐயா.

எதிரணியில் வக்கீல் அம்மா ஒரு வாதம் வைத்தாங்க. "பழைய வீடுகளைக் காப்பாத்தினதே ஓட்டல்தான்" என்றாங்க. உண்மை, ஒப்புக்கொள்கிறேன். இடிக்க இருந்த பல வீடுகள் தங்கும் விடுதியாகிப் பிழைச்சிருக்கு. வர்ற வருமானத்துல ஓடு மாத்துறாங்க, தூணுக்கு எண்ணெய் போடுறாங்க. ஆனா அம்மா, ஓட்டல் ஒரு வீட்டைக் காப்பாத்தும். அதுக்கு வலப்பக்க வீடும் இடப்பக்க வீடும் கண்ணாடிக் கட்டடம் ஆயிட்டா, மாடி ஜன்னலைத் திறந்து விருந்தாளிக்கு எதைக் காட்டுவீங்க? புதுச்சேரியில வைசியாள் வீதின்னு ஒண்ணு. அந்தத் தெருவின் வீட்டு முகப்புகளை வரிசையாய்ச் சீர்செய்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஒத்தை வீட்டுக்கு இல்லை அம்மா, ஒரு தெருவுக்கு! (கைதட்டல்)

பிரெஞ்சுக்காரர் 'ஓட்டல்'னு பேர் வைத்த அந்த நகராட்சிக் கட்டடம், மேரி கட்டடம், என்ன ஆச்சு தெரியுமா? கடலைப் பார்த்து நூத்து நாப்பது வருஷத்துக்கு மேல நின்னது. பராமரிப்பு இல்லாம 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தாங்க. அரசாங்கக் கட்டடத்துக்கு அது முடிஞ்சது. பாட்டி வீட்டு எதிர்த் திண்ணைக்கு யார் கட்டுவாங்க?

மணி அடிச்சுட்டீங்க நடுவரே, முடிச்சுடறேன். மூணாம் நாள் அறையைக் காலி செய்யும்போது ஒரு தாளை நீட்டி, "எங்கள் ஓட்டலில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று எழுதச் சொன்னார்கள். "வாசலில் இறங்கினால் தெரு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதையே என் அணியின் வாதமாக வைத்து, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன். (கைதட்டல்)